குத்தி தேடிக் கடல் தாண்டிய கதை

தொலைபேசியில் நஸீர் சொன்னது இவ்வளவுதான்: "முருகேசு மச்சான், எங்கட கடக்கர வளவுக்குள்ள பழைய குத்தி ஒண்டு மண்ணுக்குள்ள தாண்டு கிடக்கு. சுனாமிக்குப் பொறகு ஒருத்தருக்கும் இடம் தெரியல்ல. உங்கட மெசினத் தூக்கிட்டு ஒருக்கா வாங்க."

எனக்கு அது போதும். நஸீரும் நானும் சவூதியில், தம்மாமில் ஒரே அறையில் கிடந்து, ஊரான் வீட்டு ஏசியெல்லாம் பழுது பார்த்தவர்கள். அவர் சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார். நான் பழைய நாணயம் சேர்த்தேன். இலங்கைக்காரர்கள் நாணயத்தைக் குத்தி என்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். "ரெண்டு ஹலாலாக் குத்தி இருந்தாத் தாங்க மச்சான்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போவார். ஆகவே பழைய குத்தி என்றால் பழைய காசு. அந்தக் கடற்கரையில் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு கிடைக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் சோழன் காசே கிடைக்கலாம். மதுரையில் இருந்தபடியே அதை எலுமிச்சைச் சாற்றில் கழுவி, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

"அங்க இப்பத்தான் சண்டை முடிஞ்சிருக்கு. நீங்க போயி மண்ணைத் தோண்டப் போறீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்வி. நான் மெசினைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

மெசினைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு நீளத் தடி, அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு பெட்டி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும். காதில் மாட்டுகிற கருவி ஒன்று அதோடு வந்தது. அதைத் தம்மாமிலேயே தொலைத்துவிட்டேன். அதனால் அது கத்தினால் எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேட்கும்.

கொழும்பில் நான் ஏறிய பஸ் அம்பாறை தாண்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்து நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று எங்கோ விழுந்திருந்தன. டிரைவரும் நடத்துனரும் சாலையோரப் புல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் திறந்து, கல்யாணத்தில் நாதஸ்வரம் எடுக்கிறவர் மாதிரி நிதானமாக மெசினைப் பூட்டினேன். முதலில் சோடா மூடிகள் கத்தின. அப்புறம் நட்டு. ஒவ்வொரு நட்டுக்கும் பயணிகள் கை தட்டினார்கள். அதன்பிறகு எனக்கு முன் இருக்கையில் இடம் கிடைத்தது. நடத்துனர் பக்கத்தில் வந்து குனிந்து, "ஐயா, என்ட மனிசி ஒரு காதுத் தோட்டத் துலைச்சிட்டா" என்றார். எங்கே தொலைத்தார் என்று கேட்டேன். "குருநாகல்ல" என்றார். அது நாங்கள் காலையிலேயே கடந்து வந்த ஊர்.

கல்முனையில் நஸீர் ஆட்டோவோடு நின்றிருந்தார். "நஸீர் பாய்!" என்று கத்திக்கொண்டே போய்க் கட்டிப்பிடித்தேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜெஸீமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இஞ்ச பாய் எண்டா விரிச்சுப் படுக்கிறது, காக்கா" என்று விளக்கினார். காக்கா என்றால் அங்கே அண்ணன். எங்கள் ஊரில் யாராவது என்னைக் காக்கா என்றால், என் நிறத்தைச் சொல்கிறான் என்று சண்டைக்குப் போயிருப்பேன். ஊரை விட்டுக் கிளம்பும்வரை நான் காக்காவாகவே இருந்தேன்.

அவர்கள் வீடு சாய்ந்தமருதில், கடலை விட்டுத் தள்ளி, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில் இருந்தது. இரண்டு வீடுகளுக்கு ஒரே நடுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெஸீமாவின் அக்கா கதீஜா இருந்தார். எல்லோரும் அவரை ராத்தா என்றார்கள். மத்தியானம் ஜெஸீமா எனக்கு இறால் ஆணமும் உதிர்த்து வறுத்த சுறா வறையும் போட்டுச் சோறு வைத்தார். ஆணம் என்றால் நம் குழம்புதான், தேங்காய்ப்பால் இன்னும் தாராளம். நான் விரல் நக்கிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோப்பையில் கணவாய்ப் பொரியல் வந்தது. தயிர் வந்தது, அடுத்து அந்தப் பக்கத்திலிருந்து அதைவிடக் கட்டியான எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். நான் இரண்டு வீட்டையும் மதித்து இரண்டையும் சாப்பிட்டேன். அன்று மாலை என்னால் குனிந்து செருப்புப் போட முடியவில்லை.

"அக்காவும் தங்கையும் போட்டி போட்டுப் பாசமா இருக்காங்களே!" என்றேன் நஸீரிடம்.

"பாசமா? ரெண்டு பேரும் கதைக்கிறல்ல மச்சான். சுனாமிக்கு மறுவருஷத்தில இருந்து கதைக்கிறல்ல."

கதையை ஜெஸீமா சொன்னார். மகள் ஷிப்னாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. அந்த ஊர் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். எங்கள் ஊரில் பெண் அழுதுகொண்டே எவர்சில்வர் பாத்திரங்களோடு புறப்படுவாள். இங்கே மாப்பிள்ளை அழுகிறாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஷிப்னாவுக்கு வீடு கட்ட இருந்த ஒரே இடம், கடலடியில் ஜெஸீமாவுக்கு அவர் வாப்பா எழுதிக் கொடுத்த வளவு, அதாவது மனை. அதை ஒட்டியிருப்பது ராத்தாவின் வளவு. நடுவில் எல்லை எது என்பதில்தான் தகராறு. கிணற்றோடு போகிறது என்கிறார் ஜெஸீமா. இல்லை, பட்டுப்போன தென்னை அடியோடு போகிறது என்கிறார் ராத்தா. கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவே ஓர் அறை அகலம் இருக்கும்.

"மாப்பிள்ள வீட்டார் வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வருவாங்க. கல் வெச்சாச்சா இல்லையா எண்டு பாப்பாங்க. இல்லாட்டி வேற இடம் பாக்கிறதாச் சொல்லிட்டாங்க" என்றார் ஜெஸீமா. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அதற்கும் என் குத்திக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. காசு கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கும் ஏதாவது ஆகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை பிட்டும் மீன் ஆணமும் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். வீடுகள் இருந்த இடமெல்லாம் மணல். ஒரு படிக்கட்டு மட்டும் எங்கும் போகாமல் நின்றது. கொஞ்சம் தள்ளிப் பாண்டிருப்புப் பக்கத்து மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மெசினை முடுக்கி ஓரடி வைத்ததும் அது வீறிட்டது. திரும்பிப் பார்த்தேன். கரைவலைக் கயிறு மணலில் கிடந்தது. பிடித்தவர்களில் ஒருவரையும் காணோம். ஒவ்வொரு தோணிக்குப் பின்னாலிருந்தும் மெல்லத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"தம்பி, என்ன அது, மிதிவெடியா?" என்று ஒரு குரல் கேட்டது.

தோண்டி எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அகப்பை. எவர்சில்வர் அகப்பை, காம்பு வளைந்திருந்தது.

"அட சனியனே!" என்றார் அவர். "இந்தச் சாமான் கத்தினா எங்களுக்கு ஓடித்தான் பழக்கம். அகப்பைக்கு ஓடினது இதுதான் முதல் தடவ."

அதன்பிறகு மெசின் ஓயவே இல்லை. அந்த மணலுக்குள் ஓர் ஊரின் அடுப்படி முழுவதும் கிடந்தது. கரண்டி, கதவுக் கீல், குடைக் கம்பி, சைக்கிள் மணி, தையல் மெசினின் பாதம். சத்தம் கேட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எடுத்த ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இது எங்கட வீட்டுக் கீல்" என்று ஒருவர் அதை மடியில் கட்டிக்கொண்டு போனார். கதவே இல்லாமல் கீலை வைத்து என்ன செய்வார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தேங்காய் துருவுகிற திருவலைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். தீர்ப்புச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நான் அங்கே வந்து முழுதாக ஒருநாள் ஆகியிருக்கவில்லை.

பத்து மணி வெயிலில் கடைசியாக அது கிடைத்தது. வட்டமாக, பச்சை பூத்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஏதோ ஒரு மரம் தெரிந்தது. நஸீரிடம் ஓடிப்போய், "பாய், குத்தி கிடைச்சிருச்சு!" என்று நீட்டினேன்.

நஸீர் துள்ளி எழுந்தார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "எங்க?" என்றார்.

"இதுதான்!"

"இது சல்லிக் குத்தியெல்லா மச்சான்! நான் சொன்னது வளவுக் குத்தி. எல்லைக் குத்தி. இந்தளவு உசரம்!" என்று இடுப்புக்குக் கை காட்டினார்.

அங்கே நாணயத்துக்கும் குத்தி, நட்டுவைத்த கட்டைக்கும் குத்தி. ஒரே சொல். நஸீரின் மாமனார் லொறி ஓட்டியவர். மகள்மார் இருவருக்கும் வளவைப் பிரித்துக் கொடுத்த அன்று, தன் பழைய லொறியின் அச்சு ஒன்றை எல்லையில் தன் கையாலேயே அடித்து இறக்கியிருக்கிறார். அதுதான் குத்தி. சுனாமியன்று அலை வேலியையும் கொண்டுபோனது, மரங்களையும் கொண்டுபோனது, அந்த வாப்பாவையும் கொண்டுபோனது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. வாப்பாவின் குத்தியைக் கண்டால்தான் கல் வைக்க விடுவேன் என்பது ராத்தாவின் ஒரே பேச்சு.

ஆக, ஒரு லொறி அச்சைத் தேட நான் மதுரையிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்தக் காசை, தேசிக்காய் என்று அங்கே சொல்கிற எலுமிச்சையின் சாற்றில் கழுவினேன். ஈச்சமரமும் இரண்டு வாளும் பளிச்சென்று தெரிந்தன. சவூதி ஹலாலா. யாரோ ஒரு பெண் அங்கே வீட்டுவேலை செய்துவிட்டுக் கொண்டுவந்திருப்பார். தம்மாமில் தினமும் டீக்கடையில் கொடுத்த காசு. நஸீர் சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் திரும்பிப் போகத் தோன்றவில்லை. ஷிப்னா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் மெசினைச் சார்ஜில் போடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, அந்தச் சின்னப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் என்னை என்னவோ செய்தது.

அடுத்த நாள் போலீஸ் வந்தது. புதையல் தோண்டுவது அங்கே குற்றம். சார்ஜன்ட் சிங்களவர். கூட வந்த கான்ஸ்டபிள் அக்கரைப்பற்றுக்காரர், தமிழ் பேசுகிறவர். நஸீரின் சிங்களம் மரக்கறி வாங்க மட்டுமே போதும்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

"பழைய குத்தி, சேர்" என்றார் நஸீர்.

கான்ஸ்டபிள் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்டின் முகம் இறுகியது. பழைய நாணயங்கள் என்று சொல்லிவிட்டார் என்று நஸீருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, சல்லி இல்ல சேர்! குத்தி! மரக்குத்தி மாதிரி!" என்று பதறினார். அதையும் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். மரக்குற்றி புதைத்து வைப்பது இன்னொரு குற்றம். எந்தக் காட்டில் வெட்டினீர்கள், மரத்தைத் தேட இரும்பு மெசின் எதற்கு என்று சார்ஜன்ட் கேட்டார். நாங்கள் பேசப் பேசக் குற்றங்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் மெசினைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒரு தாச்சிச் சட்டி, நம் வாணலி, கிடைத்தது. கூட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் பாய்ந்து வந்து சட்டியின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தார்கள். எல்லைத் தகராறையும் அவர்களே மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்கள். சார்ஜன்ட் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னார்.

"தன்ட வீட்டுலயும் ரெண்டு மச்சிமார் இரிக்காங்களாம். கெதியாக் கண்டு புடிக்கட்டாம்" என்றார் கான்ஸ்டபிள். மச்சிமார் என்றால் கொழுந்தியாள்கள், கெதியா என்றால் சீக்கிரம்.

கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. வியாழக்கிழமை முழுவதும் கயிறு கட்டிக்கொண்டு, கிணற்றிலிருந்து தென்னைவரைக்கும், அதற்கு அப்பாலும், ஓரடி விடாமல் தேடினேன். தென்னை அடியில் மட்டும் மூன்று தடவை மெசினைக் கொண்டுபோனேன். ஒரு முனகல்கூட இல்லை. கடல் அதைக் கொண்டுபோயிருக்கும். வாப்பாவையே கொண்டுபோன கடலுக்கு ஓர் அச்சு ஒரு கனமா? சாயங்காலம் நஸீரிடம் அதைச் சொன்னேன். அவர் நாவிதன்வெளிப் பக்கம் தயிர் வாங்கி வருகிறேன் என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தயிர் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோதே நஸீர் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு எங்கோ போய் வந்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுவதும் மணல். "மச்சான், அந்தத் தென்னயடிய இன்னொருக்காப் பாப்பமா?" என்றார். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

தென்னை அடியில் மெசின் வைத்ததும், அந்தப் பயணத்தில் அதுவரை கத்தாத கத்து கத்தியது. கூட்டம் கூடிவிட்டது. தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் அச்சு. லொறி அச்சேதான். அதன் நடுவில் கருப்பாகக் கிரீஸ் பூசியிருந்தது. நேற்றுப் பூசிய மாதிரி ஈரமான கிரீஸ்.

"கடல் தண்ணியில கிடந்தா எண்ணெ பத்தும்" என்று நஸீர் பொதுவாக எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். கரைவலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காத ஒன்றே ஒன்று, அவர் ஏன் அதைத் தென்னை அடியில் புதைத்தார் என்பதுதான். அது ராத்தா சொன்ன எல்லை. பொய்க்குத்தி போடுகிறவர் கிணற்றடியில் போட்டிருக்கலாமே? பிறகு அதுவும் விளங்கியது. ஓர் அறை அகலத்தை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. குத்தி சொன்னால் மனைவி கேட்பாள். மகள் கல்யாணம் நடக்கும். நஸீர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை என்னால் தாங்க முடியவில்லை. நேற்று இதே இடத்தில் மெசின் ஊமையாக இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெஸீமா வந்தார். தென்னையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், முகம் விழுந்துவிட்டது. மணலில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் ராத்தா வந்தார். கூட்டம் வழி விட்டது. நல்ல உயரமான பெண். குழிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, அச்சின் மேல்நுனியைக் கையால் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. எதையோ தேடுகிற கை அது.

"வளையம் எங்க?" என்றார். மெல்லத்தான் கேட்டார். எனக்கும் நஸீருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். "உடுப்புக் காயப்போடக் கொடி கட்ட வேணும் எண்டு கேட்டன். வாப்பா நுனியில ஒரு வளையம் ஒட்டித் தந்தார்."

நஸீர் தலையைக் குனிந்துகொண்டார். ராத்தா தன் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்தார். நஸீரின் சாரத்தில் அதே கருப்பு இருந்ததைப் பார்த்தார். தென்னையைத் திரும்பிப் பார்த்தார். தனக்குச் சாதகமான பக்கத்தில் இவன் ஏன் கொண்டுவந்து புதைத்தான் என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. இப்போது கத்தப் போகிறார், கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

ராத்தா எழுந்தார். "ஓம்" என்றார், கடலுக்கும் கேட்கிற குரலில். "எங்கட வாப்பாட குத்திதான் இது. நான் கண்டு புடிச்சிட்டன்." கூட்டத்தில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். "ஆனா இது நிண்ட இடம் இது இல்ல. கடல் இழுத்துட்டு வந்து போட்டிரிக்கு. இது அங்க நிண்டது" என்று கிணற்றடியைக் காட்டினார். "எனக்கு நல்லா ஞாபகமிரிக்கு. ஜெஸீமா சொன்னதுதான் சரி."

அவர் கேட்டதெல்லாம் வாப்பா கைபட்ட ஓர் இரும்பு. அது இனிக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே அவர் ஓம் என்று, ஆமாம் என்று சொன்னார்.

நஸீர் அச்சைத் தூக்க ஓடினார். ராத்தா அவரைக் கையால் தள்ளிவிட்டார். குனிந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார்.

"என்ன பாத்திட்டு இரிக்காய்? வா, மத்தப் பக்கத்தப் புடி."

ஜெஸீமா வந்து பிடித்தார். இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார்கள். உடுப்பெல்லாம் கிரீஸ். ஜெஸீமா தேம்பித் தேம்பி அழுததில் அச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"அழுதழுது தூக்காத புள்ள, கால்ல போட்டுக்குவாய்" என்று ராத்தா திட்டினார்.